குறைந்த விலையில் நல்ல ஸ்பீக்கர்: வாட்ஸைப் பார்க்காமல் வாங்குவது எப்படி

ஸ்பீக்கர் வாங்கப் போகிறவர் கடையில் கேட்கும் முதல் கேள்வி "எத்தனை வாட்ஸ்?" என்பதுதான். கடைக்காரரும் அட்டைப்பெட்டியைத் திருப்பி ஒரு பெரிய எண்ணைக் காட்டுவார், பேரம் அங்கிருந்து தொடங்கும். அந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் இருந்தாலே பாதிப் பணம் தப்பிக்கும். கம்ப்யூட்டர் மேசையில் வைத்துக் கேட்கவும், பையில் போட்டுக்கொண்டு மொட்டைமாடிக்கோ ஊருக்கோ போகவும், 1,000 ரூபாயிலிருந்து 10,000 ரூபாய்க்குள் எதைப் பார்த்து வாங்கலாம் என்று முதல்முறையாக வாங்குகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். விலைகளெல்லாம் தோராயம்தான், தீபாவளி சேல் வந்தால் எல்லாம் மாறும்.

முதலில் தூரத்தை அளந்துகொள்ளுங்கள்

எந்த மாடல் என்று தேடுவதற்கு முன்னால், ஸ்பீக்கர் எங்கே இருக்கப்போகிறது, உங்கள் காது எங்கே இருக்கப்போகிறது என்று பாருங்கள். தூரம் இரண்டு மடங்கானால் சத்தம் 6 டெசிபல் இறங்கும். இது திறந்தவெளிக் கணக்கு, அறைக்குள் சுவரில் பட்டுத் திரும்புவதால் இவ்வளவு இறங்காது, ஆனாலும் புரிந்துகொள்ள இது போதும். மேசையில் 60 சென்டிமீட்டரில் உட்கார்ந்து கேட்கிற அதே சத்தம் 2.4 மீட்டர் தள்ளிக் கட்டிலில் படுத்திருக்கும்போதும் வேண்டுமென்றால் 12 டெசிபல் கூட்ட வேண்டும், அதாவது 16 மடங்கு பவர். மேசையில் 4 வாட்ஸ் செய்யும் வேலையைக் கட்டிலுக்குக் கொண்டுபோக 64 வாட்ஸ் ஆகும். அதனால்தான் மேசையில் உட்கார்ந்து கேட்கிற ஆளுக்கு "120 வாட்ஸ்" தேவையே இல்லை என்கிறேன்.

இன்னொன்று, பவரை இரண்டு மடங்காக்கினால் சத்தம் இரண்டு மடங்காகிவிடாது. 3 டெசிபல்தான் கூடும், கூர்ந்து கவனித்தால் தெரியும், அவ்வளவுதான். காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்ற ஏறக்குறைய 10 மடங்கு பவர் வேண்டும். 20 வாட்ஸ் செட்டுக்கும் 40 வாட்ஸ் செட்டுக்கும் நடுவில் ஆயிரம் ரூபாய் வித்தியாசம் என்றால், அந்த ஆயிரத்தைப் பெரிய வூஃபருக்கோ (பேஸ் ஒலியைத் தரும் பகுதி) மரப்பெட்டிக்கோ கொடுங்கள், எண்ணுக்குக் கொடுக்காதீர்கள்.

சரி, மேசைக்கும் பயணத்துக்கும் ஒரே ஸ்பீக்கர் போதாதா என்று நிறைய பேர் கேட்பார்கள். போதும், ஆனால் எரிச்சல் வரும். கையடக்க ப்ளூடூத் ஸ்பீக்கர்களில் பெரும்பாலானவை கொஞ்ச நேரம் பாட்டு ஓடாவிட்டால் தானாக அணைந்துவிடும். மீட்டிங்கில் சேரும்போது ஒவ்வொரு முறையும் கையை நீட்டிப் பட்டனை அமுக்கி, அது "கனெக்டெட்" என்று கத்துவதைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். பேட்டரியும் நாள் முழுக்கச் சார்ஜிலேயே கிடந்து சீக்கிரம் சோர்ந்துபோகும். மொத்தம் 5,000 ரூபாய்தான் இருக்கிறது என்றால், ஒரே பெரிய ப்ளூடூத் ஸ்பீக்கருக்குப் பதில் மேசைக்கு ஒரு சின்ன ஜோடியும் பையில் போட ஒரு குட்டி ஸ்பீக்கரும் வாங்குவேன்.

பெட்டியில் எழுதியிருக்கும் எண்கள்

பிஎம்பிஓ (உச்சபட்ச பவர் என்று விளம்பரத்துக்காகப் போடுவது) என்று எங்காவது இருந்தால் அந்த எண்ணை அப்படியே மறந்துவிடுங்கள். அதை அளக்க ஒரு ஒழுங்கான முறையே கிடையாது, கம்பெனிக்குத் தோன்றியதைப் போட்டுக்கொள்ளலாம். ஆர்எம்எஸ் என்று போட்டிருப்பதுதான் தொடர்ந்து தரக்கூடிய பவர். அதிலும் சிலர் ஒலி நன்றாகவே உடைகிற அளவுக்குத் தள்ளி அளந்து போடுவார்கள், இருந்தாலும் பிஎம்பிஓவுக்கு இது எவ்வளவோ மேல்.

பொய்யைப் பிடிக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது: கரண்ட் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். பழைய யூஎஸ்பி 2.0 போர்ட் விதிப்படி 5 வோல்ட்டில் அரை ஆம்பியர் கொடுக்கும், அதாவது 2.5 வாட்ஸ். நீல நிறத்தில் இருக்கும் 3.0 போர்ட் 0.9 ஆம்பியர், 4.5 வாட்ஸ். அடாப்டர் கிடையாது, ஒரே ஒரு யூஎஸ்பி ஒயர், ஆனால் பெட்டியில் மட்டும் "40 வாட்ஸ்" என்றால், உள்ளே போவதைவிட அதிகமாக வெளியே வருகிறது என்று அர்த்தம். அப்படி ஒரு மிஷினை யாராவது கண்டுபிடித்திருந்தால் அவர் ஸ்பீக்கர் விற்றுக்கொண்டிருக்க மாட்டார். நேர்மையாக எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள்: லாஜிடெக் இசட்120 மொத்தமே 1.2 வாட்ஸ், கிரியேட்டிவ் பெபிளின் முதல் மாடல் 4.4 வாட்ஸ், டைப்-சியில் ஓடும் பெபிள் வி2 8 வாட்ஸ். எண் சின்னதாக இருக்கிறதே என்று இவற்றைத் தள்ளிவிட்டு "40 வாட்ஸ்" டப்பாவை எடுத்துப்போகிறவர்கள் நிறைய.

"20 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோஹெர்ட்ஸ் வரை" என்ற வரியும் அப்படித்தான். அது மனிதக் காதுக்குக் கேட்கும் மிகத் தாழ்ந்த ஒலியிலிருந்து மிகக் கூர்மையான ஒலி வரையான எல்லை. எத்தனை டெசிபல் ஏற்ற இறக்கத்துக்குள் என்று பக்கத்தில் எழுதாமல் இதை மட்டும் போட்டால் ஒன்றும் சொன்னதாக ஆகாது. உள்ளங்கை அளவு ஸ்பீக்கரில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே உருப்படியாக எதுவும் வராது. பேஸ் கிட்டாரின் தடித்த கம்பி 41 ஹெர்ட்ஸ். அதன் மேல் ஸ்வரங்களைக் கேட்டு மூளைதான் அடி ஸ்வரத்தைக் கற்பனை செய்துகொள்கிறது.

மேசைக்கு வாங்கும்போது

இரண்டு பெட்டி மட்டும் இருந்தால் 2.0, பேஸுக்கென்று தனியாக ஒரு சப்வூஃபர் பெட்டியும் சேர்ந்தால் 2.1. நம்ம ஊரில் 2.1 மேல் ஒரு தனி மோகம் உண்டு, பேஸ் அதிர்ந்தால்தான் காசுக்குத் தகுந்த பொருள் என்று ஒரு எண்ணம். ஆனால் 3,000 ரூபாய்க்குள் வரும் 2.1 செட்டில் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். காசு முழுவதும் கீழே இருக்கும் பெட்டிக்கும் கலர் லைட்டுக்கும் போய்விடுகிறது, மேலே வைக்கும் இரண்டும் மூன்று இஞ்ச் கூட இல்லாத பிளாஸ்டிக் டப்பா. குரல் வரவேண்டிய இடம் அந்த டப்பாதான். பாடகரின் குரல் மெலிந்து எங்கோ தூரத்திலும், "பும் பும்" மட்டும் காலடியிலும் கேட்கும். படம் பார்க்கவும் கேம் விளையாடவும் அது சிலருக்குப் பிடிக்கும், தவறில்லை. பாட்டும் பேச்சும்தான் முக்கியம் என்றால் அதே காசுக்கு 2.0 வாங்குங்கள். அபார்ட்மென்ட்டில் கீழ்வீட்டுக்காரர் இருந்தால் இன்னொரு காரணமும் ஆயிற்று.

2,500, 3,000 ரூபாய் வட்டத்தில் என்றால் பெபிள் வி2 மாதிரியான குட்டி உருண்டைகளைப் பரிந்துரைப்பேன். ஒலி எழுப்பும் அதன் கூம்பு 45 டிகிரி மேல்நோக்கிச் சாய்ந்திருக்கும், மேசையில் வைத்தாலே ஒலி நேராக முகத்துக்கு வரும். இந்த ஒரு விஷயத்தால்தான் அந்தச் சின்ன உருண்டை அதன் சைஸை மீறிக் கேட்கிறது. வி3யில் ப்ளூடூத்தும், யூஎஸ்பி வழியாகவே ஆடியோ போகும் வசதியும் உண்டு; கம்ப்யூட்டரின் ஹெட்போன் ஓட்டையில் கரகரப்பு இருந்தால் அந்தக் கூடுதல் காசு கொடுக்கலாம்.

10,000 வரை போகலாம் என்றால் எடிஃபையர் ஆர்1280டி வகை. இரண்டு மரப்பெட்டி, 4 இஞ்ச் வூஃபர், கூர்மையான ஒலிகளுக்குத் தனி ட்வீட்டர், இரண்டும் சேர்ந்து 42 வாட்ஸ் ஆர்எம்எஸ், ஆம்ப்ளிஃபயர் உள்ளேயே. ப்ளூடூத் கிடையாது. அது வேண்டுமென்றால் டிபி என்று முடியும் மாடல். இதற்கும் 3,000 ரூபாய் செட்டுக்கும் உள்ள வித்தியாசம் சத்தத்தில் இல்லை. குறைந்த வால்யூமில், ராத்திரி எல்லோரும் தூங்கியபின் வைத்துக் கேட்டுப் பாருங்கள், எது எந்த வாத்தியம் என்று பிரித்துச் சொல்ல முடியும். மேசையில் இடம் இருக்கிறதா என்று மட்டும் டேப் வைத்து அளந்துவிடுங்கள், ஒவ்வொரு பெட்டியும் ஒரு தடித்த அகராதியைவிடப் பெரிது.

வாங்கும்போது புதியவர்கள் குழம்பும் ஒரு இடம் உண்டு. ஆன்லைனில் "புக்ஷெல்ஃப் ஸ்பீக்கர்" என்று போட்டிருப்பதில் பாதி வெறும் பெட்டிதான், உள்ளே ஆம்ப்ளிஃபயர் இருக்காது. பின்பக்கப் படத்தைப் பாருங்கள். சிவப்பு, கருப்பு என்று ஒயர் செருகும் இரண்டு முனை மட்டும் இருந்து, கரண்ட் ஒயரே இல்லையென்றால் அது பேசிவ். அதற்குத் தனியாக ஆம்ப்ளிஃபயர் வாங்க வேண்டும்.

இங்கேதான் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் (எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த தெரு) வழி வருகிறது. வீட்டில் பழைய ஹோம் தியேட்டரின் நல்ல பெட்டிகள் சும்மா கிடந்தால், மவுண்ட் ரோடு பக்கம் அந்தத் தெருவிலோ உங்கள் ஊர் எலக்ட்ரானிக்ஸ் கடையிலோ ஒரு ஆம்ப்ளிஃபயர் போர்டு வாங்கி ஓட்டலாம். எல்ஏ4440 ஐசி போட்ட போர்டை நம்ம ஊர் மெக்கானிக்குகள் பல வருடமாகப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஸ்டீரியோவில் பக்கத்துக்கு 6 வாட்ஸ், மேசைக்குத் தாராளம், பழுதானாலும் அதே தெருவில் சரி செய்துவிடலாம். இப்போது டிபிஏ3116 போர்டுகளும் எங்கும் கிடைக்கின்றன, சூடு குறைவு. "50 பிளஸ் 50" என்று சொல்லி விற்பார்கள், அது 21 வோல்ட் வாக்கில் கொடுத்தால்தான். வீட்டில் கிடக்கும் 12 வோல்ட் அடாப்டரைச் செருகிவிட்டு அந்த 50ஐத் தேடாதீர்கள். பழைய பெட்டியை எடுப்பதற்கு முன், கூம்பின் விளிம்பைச் சுற்றி ஓடும் வளையத்தை விரலால் தொட்டுப் பாருங்கள். ரப்பர் என்றால் பிரச்சினை இல்லை. ஃபோம் என்றால் வருடங்கள் போகப்போகப் பொடிப்பொடியாகக் கையோடு வந்துவிடும். அப்புறம் நான்கு விரலைக் கூம்பின் நடுப்பகுதியைச் சுற்றிச் சமமாக வைத்து மெதுவாக உள்ளே அமுக்குங்கள். பஞ்சு மாதிரி போய் வர வேண்டும். உள்ளே "சர்ர்" என்று எதுவோ உரசினால் கூம்பை அசைக்கும் கம்பிச்சுருள் (காயில்) இடம் மாறிவிட்டது, அதை விட்டுவிடுங்கள்.

கையில் எடுத்துப்போவதற்கு

ப்ளூடூத் ஸ்பீக்கரில் சைஸ்தான் ராஜா. ஒரே விலையில் இரண்டு இருந்தால், தூக்கிப் பார்த்துக் கனமானதை எடுங்கள். காந்தமும் பேட்டரியும்தான் கனம். (மலிவான சிலவற்றில் கனத்துக்காகவே இரும்புத் துண்டு ஒட்டுவதும் உண்டு, அதனால் இது மட்டும் போதாது.) நல்லவற்றில் இரண்டு பக்கமோ பின்னாலோ ஒரு ரப்பர் தட்டு இருக்கும், பேஸ் அடிக்கும்போது அது துடிக்கும். அதற்கு ஒயரும் கிடையாது, காந்தமும் கிடையாது; உள்ளே அடைபட்ட காற்று தள்ளுவதால் அசைந்து, சின்னப் பெட்டியிலிருந்து கொஞ்சம் அடி ஒலியைக் கொண்டுவருகிறது. கடையில் வரும் ஒவ்வொருவரும் அதைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்ப்பார்கள். நீங்கள் அமுக்காதீர்கள், டிஸ்ப்ளே பீஸையும் வாங்காதீர்கள்.

5,000 ரூபாய்க்குள் வரும் பெரும்பாலான கையடக்க ஸ்பீக்கர்கள் மோனோ. ஜேபிஎல் கோ வரிசையும், சோனி எஸ்ஆர்எஸ்-எக்ஸ்பி13, எக்ஸ்பி100 வகையும் ஒற்றை ஸ்பீக்கர்தான். இது குறையில்லை, பத்து சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டைப் பொருத்தினாலும் ஸ்டீரியோ என்று பெரிதாக எதுவும் கேட்கப்போவதில்லை. பின்னால் இன்னொன்று வாங்கி ஜோடி சேர்க்கலாம் என்று நினைக்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஸ்டீரியோ ஜோடிக்குப் பொதுவாக அதே மாடல் வேண்டும். ஒரே கம்பெனியாக இருந்தாலும் போதாது. ஜேபிஎல் ஃபிளிப் 5, 6 எல்லாம் பார்ட்டிபூஸ்ட் முறையில் சேரும், கோ 4, ஃபிளிப் 7 போன்ற புதியவை ஆராகாஸ்ட் முறைக்கு மாறிவிட்டன. பழையதும் புதியதும் ஒன்றோடொன்று சேராது.

தண்ணீர் விஷயத்தில் ஐபி எண்ணைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். முதல் எண் தூசிக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. ஐபி67 என்றால் தூசி உள்ளே போகாது, ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும். ஐபிஎக்ஸ்7 என்றால் தண்ணீரில் அதே தாங்குதிறன், தூசிக்குச் சோதிக்கவில்லை. ஐபிஎக்ஸ்4 என்பது நாலு பக்கத்திலிருந்தும் தெறிக்கும் தண்ணீருக்கு மட்டும், குளியலறை அலமாரிக்குப் போதும். இந்தச் சோதனையெல்லாம் நல்ல தண்ணீரில் செய்வது. பீச்சுக்குக் கொண்டுபோனால் உப்பும் மணலும் வேறு கதை, வீட்டுக்கு வந்ததும் குழாய்த் தண்ணீரில் அலசிவிட்டு, சார்ஜ் போடும் ஓட்டை நன்றாகக் காய்ந்த பிறகுதான் ஒயரைச் செருக வேண்டும்.

பேட்டரி எத்தனை மணி நேரம் என்று போட்டிருப்பது பொதுவாக நடுத்தர வால்யூமுக்கு. மொட்டைமாடியில் முழு வால்யூம் வைத்தால் பாதி கூட நிற்காது. அப்படிப் பார்க்கும்போது கோ 3க்குக் கம்பெனி சொல்வதே 5 மணி நேரம், எக்ஸ்பி13க்கு 16 மணி நேரம். ரயிலில் ஊருக்குப் போகிறவர் என்றால் இது பெரிய வித்தியாசம் (ரயிலில் ஸ்பீக்கர் போடாதீர்கள், அது வேறு).

மலிவான பிராண்டுகளில் இன்னொரு தொல்லை. டைப்-சி ஓட்டை இருக்கும், ஆனால் இரண்டு முனையும் டைப்-சியாக இருக்கும் ஒயரைச் செருகினால் சார்ஜ் ஏறாது. ஒரு முனை பழைய பட்டை யூஎஸ்பியாக உள்ள ஒயரில்தான் ஏறும். உள்ளே வைத்திருக்க வேண்டிய இரண்டு சின்ன ரெசிஸ்டரை மிச்சம் பிடித்திருப்பார்கள், அதைப் பார்க்காமல் புது சார்ஜர் கரண்டை விடாது. ஸ்பீக்கர் செத்துவிட்டது என்று நினைத்துத் தூக்கிப் போடுவதற்குமுன் ஒயரை மாற்றிப் பாருங்கள். பெட்டியோடு வந்த ஒயரைத் தொலைக்கவும் வேண்டாம்.

ப்ளூடூத் கோடெக் (பாட்டைச் சுருக்கி அனுப்பும் முறை) பற்றி ஆளாளுக்குச் சண்டை போடுவதைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். எல்லா ப்ளூடூத் ஸ்பீக்கரிலும் எஸ்பிசி கட்டாயம் இருக்கும், ஐபோன் என்றால் ஏஏசியும் சேரும். எல்டிஏசி நொடிக்கு 990 கிலோபிட் வரை அனுப்பும் என்பது உண்மைதான், ஆனால் இரண்டு இஞ்ச் கூட இல்லாத ஸ்பீக்கரில் அந்த வித்தியாசம் காதுக்கு எட்டாது. தாமதம்தான் நிஜப் பிரச்சினை. ப்ளூடூத்தில் ஒலி சற்றுப் பின்தங்கி வரும். யூடியூப் மாதிரி ஆப்கள் படத்தையும் கொஞ்சம் தாமதப்படுத்தி உதட்டசைவைச் சரிக்கட்டிவிடும். கேம் விளையாடும்போதும், போனில் கீபோர்டு ஆப் வைத்து வாசித்துப் பழகும்போதும் அப்படிச் சரிக்கட்ட வழியில்லை. அந்தத் தேவை இருந்தால் ஒயர் செருகிக் கேட்கும் ஆக்ஸ் ஓட்டை உள்ள மாடலாகத் தேடுங்கள், இப்போது பல மாடல்களில் அதை எடுத்துவிட்டார்கள்.

கடையில் கேட்டுப் பார்ப்பது

கடைக்காரர் எப்போதும் பேஸ் அதிரும் குத்துப்பாட்டைத்தான் போடுவார், எந்த ஸ்பீக்கரும் அதில் ஓரளவு நன்றாகவே கேட்கும். உங்கள் போனில் நல்ல தரத்தில் இறக்கிய, மனப்பாடமாகத் தெரிந்த பாட்டை எடுத்துப் போங்கள். கூடவே ஒரு செய்தி வாசிப்போ பட்டிமன்றப் பேச்சோ. மனிதக் குரலை நாம் தினமும் நேரில் கேட்கிறோம், அதில் தப்பு இருந்தால் காது உடனே சொல்லிவிடும். ஆண் குரல் குடத்துக்குள்ளிருந்து வருவது போல இருந்தால் நடுப்பகுதி சரியில்லை. "ஸ", "ச" வரும்போதெல்லாம் காதைக் குத்தினால் ட்ரெபிளை (கூர்மையான ஒலிகளை) செயற்கையாகத் தூக்கியிருக்கிறார்கள், அரை மணி நேரத்தில் தலைவலி நிச்சயம்.

அடுத்து ஒரு கச்சேரிப் பதிவு. மிருதங்கத்தின் வலந்தலையும் தொப்பியும் தனித்தனியாகக் காதில் விழுகிறதா, தொப்பியின் கும்காரம் வளைந்து ஏறி இறங்குகிறதா, இல்லை ஒரே "தொம்"தானா? மட்டமான சப்வூஃபருக்குத் தெரிந்தது ஒரே ஸ்வரம். தவிலானாலும் பேஸ் கிட்டாரானாலும் அதையே திரும்பத் திரும்ப அடிக்கும். பிறகு நாதஸ்வரத்தைப் போட்டு வால்யூமை முக்கால்வரை ஏற்றுங்கள், மலிவான ஸ்பீக்கர் கிறீச்சிட ஆரம்பிக்கும் இடம் அதுதான். கடைசியாக, பாட்டை நிறுத்திவிட்டு வால்யூமை முழுதாக வைத்துக் காதைக் கிட்டக் கொண்டுபோங்கள். லேசான "ஸ்ஸ்" எல்லாவற்றிலும் வரும், அது மேசையில் உட்காரும் தூரத்திலும் கேட்டால் வேண்டாம்.

பிளாட்பாரத்தில் பாதி விலைக்குக் கிடைக்கும் பெரிய பிராண்டுகளில் போலி ஏராளம். பெயர், நிறம், லைட் எல்லாம் அச்சு அசலாக இருக்கும். ஜிஎஸ்டி எண்ணோடு பில்லும் வாரண்டியும் தராதவரிடம் பிராண்டு பெயருக்காகக் காசு கொடுக்காதீர்கள். பெயரில்லாத 600 ரூபாய் ஸ்பீக்கரை 600க்கே வாங்குவது இதைவிட நல்லது.

வாங்கி வந்த பிறகு

மேசை ஸ்பீக்கர் என்றால் இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியும், ஒவ்வொன்றிலிருந்து உங்கள் தலைக்கு உள்ள தூரமும் ஏறக்குறைய சமமாக இருக்கட்டும். மானிட்டருக்குப் பின்னால் ஒளித்து வைக்காதீர்கள். ட்வீட்டர் காது உயரத்துக்கு வர வேண்டும், முடியாவிட்டால் முன்பக்கத்தைச் சற்றுத் தூக்கி மேல்நோக்கிச் சாய்த்துவிடுங்கள். சுவர் மூலையில் தள்ளி வைத்தால் பேஸ் கொழகொழவென்று ஊதிவிடும், ஒரு சாண் முன்னால் இழுத்தால் தெளிந்துவிடும். மேசையே சேர்ந்து அதிர்ந்தால் அடியில் மடித்த துண்டோ ஃபோம் அட்டையோ வையுங்கள். கம்ப்யூட்டரில் வால்யூமை 80, 90 வாக்கில் நிறுத்திவிட்டு ஸ்பீக்கரின் திருகியில் கூட்டிக் குறையுங்கள், இரைச்சல் குறையும். பேஸ் பூஸ்ட் மாதிரி எதுவும் ஆன் ஆகியிருந்தால் அணைத்துவிடுங்கள்.

லேப்டாப்பில் இணைத்ததும் "உம்ம்ம்" என்று ஒரு ஹம் வந்தால் ஸ்பீக்கரைத் திட்டுவதற்குமுன் லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். ஹம் நின்றுவிட்டால் ஸ்பீக்கரில் கோளாறு இல்லை, இரண்டு கருவிகளின் எர்த்தும் ஆடியோ ஒயர் வழியாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. முதலில் இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகிப் பாருங்கள். அப்படியும் போகாவிட்டால் ஆக்ஸ் ஒயருக்கு நடுவில் போடும் கிரவுண்ட் லூப் ஐசோலேட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். சிலர் சார்ஜரின் எர்த் முனையை வெட்டிவிடச் சொல்வார்கள், அதை மட்டும் செய்யவே செய்யாதீர்கள், ஷாக் அடிக்கும்.

ஆன்லைனில் வாங்கியிருந்தால் ரிட்டர்ன் நாள் முடிவதற்குள் இடது வலது சோதனை வீடியோ ஒன்றை ஓட்டி, இரண்டு பக்கமும் சரியாக வருகிறதா, ஒரே அளவு சத்தம் வருகிறதா என்று பாருங்கள். பேட்டரி மாடலாக இருந்தால் ஒருமுறை முழுதாகச் சார்ஜ் ஏற்றி, நீங்கள் வழக்கமாக வைக்கும் வால்யூமில் அணையும்வரை ஓடவிட்டு நேரம் பாருங்கள். அட்டைப்பெட்டியையும் உள்ளே வந்த தெர்மாகோலையும் அதுவரைக்கும் குப்பையில் போடாதீர்கள்.